குளச்சலில் டச்சுக்காரர் தோற்றது தற்செயலா? கடல்வழிப் படையெடுப்பை எடைபோடும் முறை

பாறசாலையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கும் கேள்வி இது. 1741-இல் குளச்சலில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடைந்தது, வெடிமருந்துப் பீப்பாயில் ஒரு குண்டு விழுந்த தற்செயலால்தானா, அல்லது அந்தப் படையெடுப்பு தோற்கும் என்று முன்கூட்டியே கணித்திருக்க முடியுமா? பொதுவாக, கடல் வழியே செல்லும் ஒரு படையெடுப்பின் ஆபத்தையும் முடிவையும் எதைக்கொண்டு எடைபோடுவது?

அந்தக் குண்டு தீர்மானித்தது சரணடைந்த நாளை மட்டுமே என்பது என் கருத்து. தோல்விக்கான காரணங்கள் அதற்கு இரண்டு மாதம் முன்பே, இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை இறங்கிய நாட்களிலேயே, முழுமையாகச் சேர்ந்துவிட்டன. அந்த ஆண்டு மே மாதக் கடைசியில் குளச்சல் கரையில் நின்று நிதானமாகக் கணக்குப் போட்ட எவரும் இதை ஊகித்திருக்க முடியும். இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள, கப்பல்களின் எண்ணிக்கையைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு நாட்காட்டியையும் கரையையும் அரிசியையும் பார்க்க வேண்டும்.

முதலில், அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1602-இல் தொடங்கப்பட்ட அந்தக் கம்பெனி, 1656-இல் கொழும்பையும் 1663-இல் கொச்சியையும் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றி, மலபார்க் கரையின் சிற்றரசர்களோடு தனித்தனியே ஒப்பந்தம் செய்து மிளகு வாங்கிவந்தது. சிற்றரசர் பலராக இருந்தவரை விலையைக் கம்பெனியால் பிடித்து நிறுத்த முடிந்தது. 1729-இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா, அண்டை நாடுகளை ஒவ்வொன்றாகத் தம் ஆட்சியில் சேர்க்கத் தொடங்கியதும் அந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. இலங்கையின் டச்சு ஆளுநராக இருந்த வான் இம்ஹோஃப் 1739-இல் கொச்சிக்கு வந்து நிலைமையை ஆராய்ந்தார், மன்னரையும் சந்தித்தார். படையெடுப்பு வரும் என்று அவர் மிரட்டியபோது, தேவைப்பட்டால் காட்டுக்குள் பின்வாங்கிக்கொள்வோம் என்று மன்னர் பதிலளித்ததாகவும், தம் மீனவர்களின் தோணிகளில் ஐரோப்பாமேல் படையெடுக்கத் தாமும் எண்ணியிருப்பதாகச் சொன்னதாகவும் திருவிதாங்கூர் வரலாறுகளில் குறிப்பு உண்டு. எல்லோரும் இரண்டாவது பகுதியைத்தான் ரசித்துச் சொல்வார்கள். எனக்கு முதல் பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. கடலிலிருந்து வருபவனால் கரையைப் பிடிக்க முடியும், ஆனால் கரைக்குப் பின்னால் ஆழமாக விரிந்திருக்கும் நாட்டைப் பிடிக்க அவனிடம் ஆள் இருக்காது என்ற சரியான இராணுவக் கணிப்பு அதில் இருக்கிறது.

போர் 1740 இறுதியிலேயே தொடங்கிவிட்டது. 1741 தொடக்கத்தில் இலங்கையிலிருந்து வந்த படை குளச்சலில் இறங்கியது. இடத்தின் தேர்வைக் குறை சொல்ல முடியாது. தலைநகராக இருந்த பத்மநாபபுரம் அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மன்னரின் கவனமும் படையும் அப்போது பெரும்பாலும் வடக்கே, கொல்லம், காயங்குளம் பக்கம் இருந்தன. கொழும்பு நேர்க்கோட்டில் 300 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தொலைவு. கொச்சி அதைவிடவும் அருகில். வரைபடத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது.

ஆனால் கரையில் இறங்கிப் பார்த்தால் வேறு விதமாகத் தெரியும். குளச்சல் கடற்கரையில் நின்று மேற்கே பார்ப்பவர்களுக்கு, நீருக்கு வெளியே தலை நீட்டியும் மூழ்கியும் கிடக்கும் பாறைகள் கண்ணில் படும். கப்பல் உள்ளே வந்து ஒதுங்குவதற்கு ஆற்று முகமோ காயலோ அங்கே கிடையாது. பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்க, ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு பீரங்கியும் அலையடியைத் தாண்டி வள்ளங்களில்தான் கரைக்கு வர வேண்டும். அந்த அலையை எப்போது தாண்டலாம், எத்தனையாவது அலைக்குப் பின் துடுப்பைப் போட வேண்டும் என்பது அந்தக் கரையில் பிறந்த முக்குவர் என்ற மீனவருக்குத் தெரியும். கப்பலில் வந்த மாலுமிக்குத் தெரியாது. டச்சுக்காரரை எதிர்த்த போரில் மீனவர்கள் மன்னர் பக்கம் நின்றார்கள் என்று இங்கே வழிவழியாகச் சொல்லப்படுகிறது. துடுப்புகளைக் கரையில் வரிசையாக நட்டு, தொலைவிலிருந்து பார்த்தால் படைவீரர் நிற்பதுபோலக் காட்டினார்கள் என்ற கதையையும் சிறுவயதிலேயே கேட்டிருப்பீர்கள். அந்தக் கதையை வைத்துப் போரின் முடிவை விளக்க நான் துணியமாட்டேன். ஆனால் வள்ளம் ஓட்டத் தெரிந்தவர்கள் எதிரியின் பக்கம் இல்லை என்பதே, துடுப்பை நடாமலும் டச்சுக்காரரை முடக்கப் போதுமான காரணம்.

அரிசிக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். கரையில் இறங்கிய டச்சுப் படையின் எண்ணிக்கை ஏட்டுக்கு ஏடு மாறுகிறது. சில நூறு பேர் என்று கொள்வது பாதுகாப்பானது. எடுத்துக்காட்டுக்கு 400 பேர் என்று வைத்துக்கொண்டு, ஆளுக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோ அரிசி என்றால் ஒரு நாளைக்கு 300 கிலோ வேண்டும். ஜூன், ஜூலை, ஆகஸ்டு ஆகிய மூன்று மாத மழைக்காலத்துக்கு 27 டன்னுக்கு மேல் ஆகிறது. ஒரு வள்ளம் ஓர் ஓட்டத்தில் அரை டன் ஏற்றினாலும் அரிசிக்கு மட்டுமே ஐம்பதுக்கு மேற்பட்ட ஓட்டம் தேவைப்படும். வெடிமருந்து, குண்டு, மருந்து, கூடாரத் துணி, உப்பிட்ட இறைச்சி எல்லாம் அதற்கு மேல். இதைச் செய்யவே முடியாது என்று சொல்லமாட்டேன். மார்ச்சு, ஏப்ரல் மாதங்களின் அமைதியான காலைகளில் விடாமல் உழைத்தால் செய்துவிடலாம். ஆனால் அப்படி இறக்கிய அத்தனையையும் மழைபடாமல், தீப்படாமல், பகைவன் பீரங்கிக்கு எட்டாமல் சேமிக்க இடம் வேண்டும். டச்சுக்காரரிடம் இருந்ததோ கடலோரத்தில் அவசரமாக எழுப்பிய ஒரு சிறு அரண் மட்டும்.

இனி நாட்காட்டிக்கு வருகிறேன். நம் கரையில் பெருங்கப்பல் நிற்கக்கூடிய பருவம் ஏறத்தாழ அக்டோபரிலிருந்து மே நடு வரை. டச்சுக்காரருக்கும் இது நன்றாகத் தெரியும். கொச்சியில் அவர்களுடைய மிளகு ஏற்றுமதியே இந்தப் பருவத்தை ஒட்டித்தான் நடந்தது. இப்போதும் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பகுதிகளில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனப்பெருக்கத்துக்காக விதிக்கப்பட்ட தடை அது என்றாலும், அந்த நாட்களின் கடலைப் பார்த்தவர்கள் அதில் ஒரு கப்பலை நங்கூரத்தில் நிறுத்திவைக்க முடியும் என்று நம்பமாட்டார்கள். கான்கிரீட் அலைத்தடுப்புச் சுவரும் இயந்திரப் படகும் இருக்கும் இந்தக் காலத்திலேயே தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து உயிர் போவதைக் கண்டு நெஞ்சு பதறுகிறோம். மழைக்கு முன்பே, ஏப்ரல், மே மாதங்களில், காற்றே அசையாத நாளில்கூடத் தென்கடலில் எங்கோ கிளம்பிய அலை வந்து ஊருக்குள் ஏறுவதை நம் மக்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். பாய்மரக் கப்பலின் தளபதிக்கு இதையெல்லாம் முன்னறிவிக்க யாரும் இல்லை.

ஆக, 1741 தொடக்கத்தில் இறங்கிய படைக்கு இருந்தது மூன்று, மூன்றரை மாதக் கால அவகாசம். அதற்குள் பத்மநாபபுரத்தைப் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் கப்பலேறித் திரும்பியிருக்க வேண்டும். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. இரணியல் பக்கம் வரை கடலோர ஊர்களைக் கொள்ளையிட்டார்கள். தலைநகரை நோக்கி நகரப் போதிய ஆளில்லாமல் துணைப்படைக்குக் காத்திருந்தார்கள். அந்தத் துணைப்படை வரவே இல்லை. காரணம் நம் கரையில் இல்லை, ஜாவாவில் இருக்கிறது. 1740 அக்டோபரில் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) சீனர்கள் ஆயிரக்கணக்கில் படுகொலை செய்யப்பட்டதைத் தொடர்ந்து அங்கே பெரும் போர் மூண்டு, கம்பெனியின் ஆசியத் தலைமையகமே தன்னைக் காத்துக்கொள்ளத் தவித்துக்கொண்டிருந்தது. ஏட்டில் பார்த்தால் உலகின் மிகப் பெரிய வணிகக் கடற்படை அவர்களுடையது. குளச்சலுக்கு அனுப்பக் கையில் மிச்சமிருந்தது அதில் மிகச் சிறிய துண்டு.

கடல்வழிப் படையெடுப்பை எடைபோடுகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஒரு வல்லரசிடம் மொத்தம் எத்தனை கப்பல், எத்தனை வீரர் என்று கணக்கெடுத்து எதிரியின் கணக்கோடு வைத்துப் பார்ப்பார்கள். அந்த வல்லரசு அதே மாதத்தில் வேறெங்கெல்லாம் சிக்கியிருக்கிறது, கடல் மூடுவதற்குள் எத்தனை பேரைக் கரை சேர்க்க முடியும், சேர்த்தவர்களுக்கு எத்தனை நாள் சோறு போட முடியும் என்று கேட்கமாட்டார்கள். மறுபக்கம், தரையில் இருப்பவன் தன் படையைத் திரட்டி அந்தக் கரைக்குக் கொண்டுவர எத்தனை நாள் ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்தே பெரும்பாலான படையெடுப்புகள் முடிந்திருக்கின்றன. குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவுக்கும் அவருடைய தலைமை அமைச்சரான தளவாய் இராமய்யனுக்கும் வடக்கிலிருந்து திரும்பிவந்து படை சேர்த்து முற்றுகையிட மாதக்கணக்கில் நேரம் கிடைத்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தப் பருவத்தில் முற்றுகை நெருங்கியது. கடல் பக்கம் உதவி இல்லை, தரைப் பக்கம் வழி இல்லை என்றான நிலையில்தான் அந்தக் குண்டு விழுந்து வெடிமருந்து தீப்பற்றி அரிசியும் எரிந்தது. ஆகஸ்டு மாதத்தில் அவர்கள் பணிந்தார்கள். அந்தக் குண்டு பத்தடி தள்ளி விழுந்திருந்தால் முற்றுகை இன்னும் சில வாரம் நீண்டிருக்கும். நல்ல கடல் திரும்ப இன்னும் ஏறத்தாழ இரண்டு மாதம் இருந்தது. அதுவரை அந்த அரண் தாங்கியிருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஒரே அரணுக்குள் அரிசியையும் வெடிமருந்தையும் அருகருகே வைத்திருந்தார்கள் என்பதும் அந்தக் குறுகிய இடத்தின் விளைவுதான்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய வல்லரசு ஒன்றை ஆசிய அரசு முதன்முதலில் தோற்கடித்தது குளச்சலில்தான் என்று மேடைகளில் பேசுகிறார்கள். ஊர்ப்பற்று எனக்கும் உண்டு, ஆனால் அது உண்மையல்ல. சீனத் தளபதி கோக்சிங்கா 1661 ஏப்ரலில் ஏறத்தாழ 25,000 பேரோடு தைவானில் இறங்கி, சீலாண்டியா கோட்டையை ஒன்பது மாதம் முற்றுகையிட்டு, 1662 பிப்ரவரியில் இதே டச்சுக் கம்பெனியைப் பணியவைத்தார். அதுவும் கடல்வழிப் படையெடுப்புதான். அது வென்றதால் குளச்சலோடு ஒப்பிட மிகவும் ஏற்றது. கோக்சிங்காவுக்கும் உணவு நெருக்கடி வந்தது. ஆனால் அவருக்கு இடையில் பெங்ஹு தீவுகள் என்ற படித்துறை இருந்தது. தைவானில் ஏற்கெனவே குடியேறியிருந்த சீன உழவர்களின் ஆதரவு இருந்தது. தம் வீரர்களையே வயலில் இறக்கிப் பயிர்செய்ய வைக்கும் அளவுக்கு நிலம் கைக்கு வந்திருந்தது. பத்தாவியாவிலிருந்து டச்சுக்காரருக்கு வந்த உதவிக் கப்பல்களோ புயலில் அலைக்கழிந்தன. தைவானில் கோக்சிங்காவுக்கு அமைந்தவை எல்லாம் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவுக்கு அமைந்தன என்று பார்த்தால், யார் எந்தக் கண்டத்தைச் சேர்ந்தவர் என்பது இந்தக் கணக்கில் எவ்வளவு சிறிய பங்கு வகிக்கிறது என்பது தெரியும்.

நோக்கத்தின் அளவும் ஆபத்தின் அளவை மாற்றுகிறது. 1025-இல் இராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைத் தமிழர்கள் எல்லோரும் பெருமையோடு நினைக்கிறோம். “அலைகடல் நடுவுட் பலகலம் செலுத்தி” என்று தொடங்கும் மெய்க்கீர்த்திப் பகுதியைக் கவனமாகப் படித்தால், கடாரத்து அரசன் சங்கிராம விசையோத்துங்கவர்மனைப் பிடித்ததும், அவனுடைய யானைகளையும் பெருஞ்செல்வத்தையும் விச்சாதிரத் தோரணம் என்ற வாயில் தோரணத்தையும் கவர்ந்ததும், ஸ்ரீவிஜயம், மலையூர், மாநக்கவாரம் என்று ஊர் ஊராகத் தாக்கியதும் சொல்லப்படுகின்றன. அந்த ஊர்களில் ஆளுநர் அமர்த்தி ஆண்டதாக அதில் ஒரு சொல் இல்லை. துறைமுகங்களை வரிசையாகத் தாக்கி, கொண்டதைக் கொண்டு, பருவக்காற்று திரும்பும்போது திரும்பிவிடுகிற படைக்கு மழைக்கால அரிசிக் கணக்கு தேவைப்படாது. டச்சுக்காரர் குளச்சலில் தாக்கிவிட்டுப் போகும் அளவு படையை வைத்துக்கொண்டு, தங்கி ஆளும் அளவு நோக்கத்தை மேற்கொண்டார்கள். இந்தப் பொருத்தமின்மையைத்தான் நான் எந்தப் படையெடுப்பிலும் முதலில் தேடுவேன்.

பொருளும் ஆளும் போதுமான அளவு இருந்தும் தோற்ற ஒரு நிகழ்ச்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எல்லாமே மூட்டைக் கணக்கு என்ற எண்ணம் வந்துவிடும். 1914 நவம்பரில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தைப் பிடிக்க, இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 8,000 பேர் கொண்ட பிரிட்டிஷ் இந்தியப் படை கப்பலேறியது. அதில் நம் பக்கத்துப் பெயர் தாங்கிய 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் இருந்தது. டாங்காவில் அப்போது ஜெர்மன் படை மிகவும் குறைவு. அப்படியிருந்தும், போர்க்கப்பலின் தளபதி முதலில் கரைக்குச் சென்று முறைப்படி எச்சரிக்கை கொடுத்துவிட்டு வந்தார். அந்த இடைவெளியில் ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக் உள்நாட்டிலிருந்து ரயிலில் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். வாரக்கணக்கில் கப்பலின் அடித்தட்டில் கிடந்து, கடல் நோயில் வாடி, போதிய பயிற்சியும் இல்லாத வீரர்களைச் சதுப்பிலும் புதரிலும் இறக்கி நேரே போருக்கு அனுப்பினார்கள். 5-ஆம் தேதி அந்தப் படை துப்பாக்கிகளையும் பல இலட்சம் தோட்டாக்களையும் கரையிலேயே விட்டுவிட்டு மீண்டும் கப்பலேறியது. எட்டுக்கு ஒன்று என்ற பலமும் அங்கே கைகொடுக்கவில்லை. அந்தச் சிப்பாய்களின் கோழைத்தனம் என்று அன்றைய அதிகாரிகள் எழுதியதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. எதிரிக்கு முன்னறிவிப்புக் கொடுத்ததும், நிலத்தை உளவு பார்க்காததும் அவர்கள் செய்த குற்றமல்ல.

எனவே ஒரு படையெடுப்பை எடைபோட உட்கார்ந்தால், நான் முதலில் அதன் நோக்கத்தைக் கேட்பேன்: தாக்கித் திரும்புவதா, தங்குவதா? தங்குவது என்றால், கடல் திறந்திருக்கும் நாட்களைக் கணக்கிட்டு, அதற்குள் கரை சேர்க்கக்கூடிய ஆளையும் அரிசியையும் பார்ப்பேன். இறங்கும் இடத்தில் கப்பலை ஒதுக்கத் துறை உண்டா, அல்லது அலையடியைத் தாண்ட உள்ளூர்க்காரன் தயவு வேண்டுமா என்று விசாரிப்பேன். பிறகு எதிரி திரண்டு வர எத்தனை நாள், அவனுக்குப் பின்வாங்க எவ்வளவு ஆழம் என்று பார்ப்பேன். கடைசியாக, திட்டம் கைகூடாவிட்டால் திரும்பிப் போக நாள் குறித்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத திட்டங்களே மிக மோசமாக முடிந்திருக்கின்றன. 1915 ஏப்ரல் 25-இல் துருக்கியின் கலிபோலியில் இறங்கிய நேச நாட்டுப் படைகள் 1916 ஜனவரியில்தான் கடைசியாக வெளியேறின. இடைப்பட்ட மாதங்களில் பல்லாயிரம் பேர் அந்தக் குறுகிய கரையிலேயே மாண்டார்கள். இவ்வளவும் பார்த்த பின்னும் எந்தக் குண்டு எந்தப் பீப்பாயில் விழும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஒரு குண்டு விழுந்தால் மொத்தமும் அழிந்துவிடும் நிலையில் ஒரு படை இருக்கிறதா என்று சொல்ல முடியும்.

போரின் விளைவைப் பற்றியும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். குளச்சலில் சிக்கியவர்களில் ஒருவரான டிலனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்து, வலிய கப்பித்தான் என்று அழைக்கப்படும் அளவுக்கு உயர்ந்து, 1777-இல் இறக்கும்வரை அந்தப் படையை ஐரோப்பிய முறையில் பயிற்றினார். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் அவருடைய கல்லறையில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருப்பதை நீங்கள் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். ஆனால் டச்சுக்காரர் அந்த ஆகஸ்டிலேயே மலபாரை விட்டு ஓடிவிடவில்லை. சண்டையும் பேச்சும் மாறி மாறி நடந்து, 1753-இல் மாவேலிக்கரை உடன்படிக்கையில்தான் முடிந்தது. 1795-இல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரை கொச்சி அவர்கள் கையில் இருந்தது. குளச்சலில் போன சில நூறு பேர் அந்தக் கம்பெனிக்குப் பெரிய இழப்பாக இருந்திருக்க முடியாது. மிளகில் வரும் இலாபம் இன்னொரு படையெடுப்பின் செலவைத் தாங்காது என்பதை அவர்கள் மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டதுதான் முடிவைத் தந்தது.

அவர்கள் அக்டோபரில், ஜாவாவில் அமைதி நிலவிய ஓர் ஆண்டில், 2,000 பேரோடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். அப்போது ஏழு மாத நல்ல கடல் இருந்திருக்கும். பத்மநாபபுரம் விழுந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் மன்னர் சொன்னதுபோல் மலையடிவாரக் காட்டுக்குள் பின்வாங்கியிருந்தால், அடுத்த மழைக்காலம் முழுவதும் அந்த 2,000 பேருக்கும் சோறு போட்டுக்கொண்டு கம்பெனி காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். என் மதிப்பீட்டில், அவர்களுக்குக் குறைந்த விலையில் மிளகு தரும் ஓர் ஒப்பந்தம் அதிகபட்சமாகக் கிடைத்திருக்கும்; வேணாடு, அதாவது திருவிதாங்கூர் நாடு, கிடைத்திருக்காது.